சோற்று வண்டி போகிற வாசல்

மெட்ராஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். உள்ளே பிஸ்கட் இல்லை. பன்னிரண்டு மாதங்களின் பெயர் எழுதிய தடித்த அட்டைகள், நடுநடுவே வெற்று அட்டைகள். “இதுக்கா இவ்வளவு பெரிய டின்னு?” என்றார். “இதைக் காட்டத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறேன்” என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார் பாவம், உடனே போகச் சொல்லிவிட்டார்.

நான் மலேசியாவில், ஈப்போ நகரத்து மருத்துவமனை ஒன்றில் புற்றுநோய்ப் பிரிவின் முகப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். வியாதி திரும்ப எட்டிப் பார்த்தால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். யார் எந்த மாதம் வர வேண்டுமோ அவர் அட்டை அந்த மாதத்துக்குப் பின்னால் நிற்கும். மாதம் முடிந்தும் அட்டை நகராமல் நின்றால் ஆளைத் தேடு. அவ்வளவுதான் என் வித்தை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊருக்கு வந்த கோயமுத்தூர் டாக்டர் ஒருவர் இந்த டின்னைப் பார்த்து வாயைப் பிளந்தார். “எங்க ஆஸ்பத்திரியில சிகிச்சை முடிஞ்சு போனவங்க போனது போனதுதாம்மா. கார்டு போட்டாலும் வர்றதில்லை. பத்து நாள் வந்து இதைச் சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்து நான்கு வயது வரை என்னை யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டதில்லை. தை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மடியில் டின்னோடு கோயமுத்தூரில் இறங்கினேன்.

தை மாதத்தில் இந்த ஊரின் காற்று இருக்கிறதே, ஈப்போவில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. எங்களுக்கு வருஷம் முழுக்க ஒரே புழுக்கம். இங்கே காலை எட்டு மணிக்கு ஸ்வெட்டர் போட்ட ஆட்டோக்காரர் “ஏனுங்க, எங்கீங்க போகோணும்?” என்று கேட்கிறார். கேட்கிற கேள்விக்கு முன்னும் பின்னும் மரியாதை வைத்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். வழியில் குறுக்கே வந்த ஆட்டைக்கூட அவர் “அட, போங்க சாமி” என்றுதான் விரட்டினார்.

மருத்துவமனை ஒரு தர்ம ஸ்தாபனம். பெயர் வேண்டாம். முன்வாசலில் பெரிய வேப்பமரம், நாலு படி, படிக்கு மேலே வராந்தா. எனக்குத் துணையாக வார்டு சிஸ்டர் ஸ்டெல்லாவை விட்டார்கள். கருமத்தம்பட்டிக்காரர், இருபது வருஷமாக இங்கேயே வேலை. சின்ன உருவம், பெரிய குரல். என்னை வந்த நிமிஷத்திலேயே அக்கா ஆக்கிக்கொண்டார்.

“பசியாறிட்டீங்களா சிஸ்டர்?” என்று நான் கேட்டதும் விழித்தார். எங்கள் பக்கம் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்போம். அவர் கேன்டீனுக்கு அழைத்துப் போய்ச் சந்தகை வாங்கிக் கொடுத்தார். நம் இடியாப்பம்தானே என்று அலட்சியமாக வாயில் போட்டேன். அவித்த மாவைச் சூட்டோடு பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றியிருந்தார்கள். ஈப்போவில் சைக்கிளில் வரும் இடியாப்பக்காரரை அன்றோடு மனதுக்குள் வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். காப்பி மட்டும் எங்கள் கோப்பிதான் மேல். இதைச் சொன்னபோது ஸ்டெல்லா சிஸ்டர் காதில் விழாதது மாதிரி இருந்தார்.

அன்றைக்கே ஒரு தப்பு செய்தேன். சிகிச்சை முடிந்த பெரியவர் ஒருவரை அவர் மகனும் மருமகளும் கைத்தாங்கலாகப் படியிறக்கிக் கொண்டிருந்தார்கள். நான் வராந்தாவில் நின்று, வாய்ப் பழக்கத்தில், “மூணு மாசத்துல பார்ப்போம். போயிட்டு வாங்க ஐயா!” என்று உற்சாகமாகக் கையாட்டினேன். எங்கள் மேசையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் இதையேதான் அவரவர் மொழியில் சொல்லி அனுப்புவேன்.

மூன்று பேர் முகமும் ஒன்றாகச் செத்துப்போயின. மகன் அப்பாவை மறுபடி மேலே ஏற்றி பெஞ்சில் உட்கார வைத்தார். மருமகள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பெரியவர் குடித்தார். ஐந்து நிமிஷம் மூவரும் உட்கார்ந்திருந்துவிட்டு, புதிதாகப் புறப்படுகிறவர்கள் மாதிரி எழுந்தார்கள்.

ஸ்டெல்லா சிஸ்டர் என்னை ஓரமாக இழுத்தார். “என்னங்க்கா இது! ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு ‘போயிட்டு வாங்க’ன்னு சொல்லலாமுங்களா? இங்க ஆராவது திரும்பி வரோணும்னு நெனப்பாங்களா?”

பிறகு அவரே போய்ப் பெரியவர் தலையில் கை வைத்தார். “நல்லபடியாப் போங்கய்யா. இனி இந்த வாசப்படிய நீங்க மிதிக்கவே கூடாது.” பெரியவர் கண் கலங்கிக் கும்பிட்டார். ‘வருகிறேன்’ என்று அவரும் சொல்லவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு அழகான வழியனுப்புதல்! ஈப்போவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நோட்டில் எழுதிவைத்தேன். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது, அதைப் பார்த்தால் என் புத்தியை நினைத்துச் சிரிப்பாக வருகிறது.

செவ்வாய் முழுவதும் டின்னை வைத்து அட்டை எழுதினோம். கோப்புகளைப் பிரிக்கப் பிரிக்க வெற்று அட்டைகள் தீர்ந்துகொண்டே வந்தன. அறுவை செய்து, கதிர்வீச்சு கொடுத்து, அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய ஆட்களில் பெரும்பாலானோர் அதற்கப்புறம் எட்டிப்பார்க்கவே இல்லை.

டாக்டர் ஒரு கோப்பை மட்டும் தனியாக எடுத்து என் முன்னால் வைத்தார். தெய்வானை, வயது நாற்பத்தாறு, வெள்ளகோவில். இடது மார்பில் அறுவை முடிந்து, கதிர்வீச்சும் முடிந்தவர். வீட்டுக்குப் போகிற அன்று பரிசோதித்தபோது வலது அக்குளில் ஒரு சின்னக் கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. சாதாரண நெறிக்கட்டாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். ஆறு வாரம் கழித்து வந்தால் ஊசியால் கட்டியிலிருந்து துளி எடுத்துப் பார்த்துவிடலாம் என்று எழுதியிருந்தது. எட்டு மாதம் ஆகிவிட்டது. மூன்று தபால் கார்டு போட்டும் ஆள் வரவில்லை.

“மத்தவங்களை மெதுவாப் பிடிக்கலாம்மா. இந்த ஒருத்தரை மட்டும் எப்படியாவது கூட்டிட்டு வந்திருங்க. இப்ப வந்தாக்கூடக் காப்பாத்திரலாம், இன்னும் தள்ளிப்போனா என் கையில இல்லை” என்றார். நான் கோப்பை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

தெய்வானைக்குக் க/பெ ஆறுமுகம், வெள்ளகோவில் என்பதற்கு மேல் விலாசம் இல்லை. வெள்ளகோவிலில் ஆறுமுகங்களுக்கா பஞ்சம்! யாரையாவது விட்டு விசாரித்து வைக்கிறேன் என்றார் மருத்துவமனை டிரைவர் ஆறுச்சாமி. அவருடைய மச்சான் அந்தப் பக்கம் தபால் கொடுக்கிறவராம். தகவல் வருவதற்குள் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்ப்போம் என்று புதன்கிழமை கருமத்தம்பட்டிக்குக் கிளம்பினோம்.

மருத்துவமனை வேன் அவிநாசி ரோட்டில் பாதி வழியில் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. ஆறுச்சாமி இறங்கி, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, “இதுக்கே ஒரு ஊசி போடோணுமுங்க” என்றார். நாங்கள் டவுன் பஸ் பிடித்தோம். உட்கார இடமில்லை. அறிமுகமே இல்லாத ஒரு அம்மாள் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும்வரை அதை அணைத்துப் பிடித்திருந்தார். ஈப்போ பஸ்ஸில் யாராவது என் பையைத் தொட்டால் நான் ஊரைக் கூட்டியிருப்பேன்.

ராஜாமணி விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பை வாயில் புற்று வந்து குணமானவர். அந்தக் கூடத்தில் தறிகள் போடுகிற சத்தத்தில் நம் மனதில் நினைப்பதே நமக்குக் கேட்காது. மூன்று பேரும் கத்திக்கொண்டே பேசினோம்.

“ஏங்க செக்கப்புக்கு வரலை?” என்று கத்தினேன்.

“நல்லாத்தானுங்க இருக்கேன்!” என்று அவர் கத்தினார்.

“நல்லா இருக்கும்போதுதான் வரணும்!”

“நல்லா இருக்கறப்ப எதுக்குங்க ஆஸ்பத்திரி!”

ஸ்டெல்லா சிஸ்டரைக் கண்டதில் ராஜாமணிக்கு அத்தனை சந்தோஷம். கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, டீ வாங்கிக் கொடுத்தார், ஒரு முழம் பூவும் வாங்கிக் கொடுத்தார். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பொள்ளாச்சி. வேனுக்கு இன்னும் உடம்பு தேறவில்லை, மறுபடி பஸ்தான். அன்றைக்குச் சந்தை நாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஊருக்குள் நுழைகிற இடத்தில் பஸ்ஸைச் சுற்றி மாடுகள். முன்னால் மாடு, பின்னால் மாடு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறது ஒரு மாடு. எனக்கு முன் சீட்டில் ஒரு மலையாளத் தம்பதி. எனக்குப் புரிந்தவரை கணவர் சொன்னது: “விற்கிறவன் பேச்சைக் கேட்டு மாடு வாங்காதே, பல்லைப் பார்த்து வாங்கு.” மனைவி சொன்னது: “அப்படித்தான் போன வருஷமும் பல்லைப் பார்த்து வாங்கினீர்கள், பால்தான் வரவில்லை.” அரை மணி நேரம் நின்ற பஸ்ஸில் அதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

நாச்சிமுத்து வெல்ல வியாபாரி. புகையிலை போட்டுக் கன்னத்தில் புற்று வந்து, பாதிக் கன்னத்தை எடுத்தாகிவிட்டது. பேச்சு கொஞ்சம் வழுக்கும், காரம் சாப்பிட முடியாது. ஆனால் விருந்தோம்பலில் குறை வைக்கவில்லை. மண்டியில் ஆளுக்கொரு இளநீர், கையில் ஒரு அச்சு வெல்லம். செக்கப் பேச்சை எடுத்ததும் சிரித்தார். “நல்ல வார்த்த சொல்லி அனுப்பிச்சீங்க சிஸ்டர். அது பலிச்சுட்டு இருக்குது. எதுக்குங்க அத நாமளே கெடுத்துக்கோணும்?”

ஸ்டெல்லா சிஸ்டர் பெருமையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் வெல்லத்தைக் கடித்துக்கொண்டே பஸ் ஏறினோம். இப்போது நினைத்தால் எனக்கு நானே தலையில் ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

திரும்பி வந்தபோது ஆறுச்சாமி வேனோடு தயாராக நின்றார். மச்சான் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாராம். தெய்வானை வெள்ளகோவிலுக்கு வெளியே ஒரு ஊரில், பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை.

வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டோம். காங்கயம் தாண்டியதும் பச்சை குறைந்துவிட்டது. செம்மண், வேலிக்குள் மேயும் ஆடுகள், இடையிடையே முருங்கைத் தோட்டங்கள். எனக்கு இந்த வறட்சி புதிது. எங்கள் ஊரில் ஒரு குச்சியை நட்டு மறந்துவிட்டுப் போனால் மரமாகி நிற்கும். இங்கே ஒவ்வொரு மரத்துக்கும் யாரோ ஒருவர் தண்ணீர் சுமந்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிகிறது. கோப்பு என் மடியில் இருந்தது. ஒருவேளை ஆள் படுக்கையில் கிடந்தால் என்ன செய்வது என்று வழியெல்லாம் பயந்துகொண்டே போனேன்.

தெய்வானை படுக்கையில் இல்லை. ஆள் உயரத்துக்கு நீராவி எழும்ப, பெரிய அண்டாவில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தார். திடமான உடம்பு, முழங்கை வரை மஞ்சள் நிறக் கறை. ஸ்டெல்லா சிஸ்டரைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். “சிஸ்டரு! எங்க ஊருக்கா வந்திருக்கறீங்க!”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கட்டிப்பிடித்தபோது தெய்வானையின் வலது கை முழுதாக மேலே வரவில்லை. ஸ்டெல்லா சிஸ்டரும் அதைக் கவனித்தார்.

பிள்ளைகள் வரிசையாகச் சாப்பிட்டுப் போகும்வரை காத்திருந்தோம். பிறகு தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அரிசிம்பருப்புச் சாதம் வைத்து, நெய் ஊற்றி, பக்கத்தில் கெட்டித் தயிர். ஒரே பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வெங்காயமும் போட்டு வேக வைக்கிற சாதம் இவ்வளவு ருசிக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை போட்டபோது போதும் என்றேன், மூன்றாம் முறை போட்டபோது ஒன்றும் சொல்லவில்லை.

கை கழுவியதும் கேட்டேன். “மூணு கார்டு போட்டோமே, கிடைச்சுதாம்மா?”

“கெடைச்சுதுங்க. தபால்காரரு எப்படியோ விசாரிச்சுக் கொண்டாந்து குடுத்துட்டாருங்க.” சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மூன்று கார்டையும் எடுத்துவந்தார். ஒரு மூலைகூட மடங்காமல் வைத்திருந்தார்.

“அப்புறம் ஏன் வரலை?”

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “வரக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லி அனுப்பிச்சாங்களே!”

“நானா?” என்றார் ஸ்டெல்லா சிஸ்டர்.

“நீங்கதானுங்க. வேப்பமரத்துக்கிட்ட நின்னு, என்ற தலையில கை வெச்சு, இனி இந்த வாசப்படிய மிதிக்கவே கூடாதுன்னு சொன்னீங்க. கார்டு ஆபீசுல ஆரோ எழுதறாங்க. அவங்களுக்கு என்னையத் தெரியுமா, நான் கருப்பா செவப்பான்னு தெரியுமா? நீங்க ரெண்டு மாசம் எனக்குக் கஞ்சி ஊட்டினவங்க. நான் ஆரு பேச்சக் கேக்கட்டும், சொல்லுங்க?” தெய்வானை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “மகளுக்குச் சேலை எடுக்கக் கோயமுத்தூரு வந்தனுங்க. பஸ்ஸு உங்க ஆஸ்பத்திரியத் தாண்டறப்ப முந்தானைய மூஞ்சியில போட்டுக்கிட்டேன். அந்த வாக்கக் கெடுத்துக்கப்படாதுன்னுதான்.”

ஸ்டெல்லா சிஸ்டர் அந்த மூன்று கார்டையும் கையில் வாங்கிக்கொண்டார். கருமத்தம்பட்டி, பொள்ளாச்சி, டின்னில் நகராமல் நின்ற அத்தனை அட்டைகளும் எனக்குக் கண்முன் வந்தன. எல்லோரும் ஒரே வாசலில், ஒரே கை தலையில் வைத்து, ஒரே வார்த்தை சொல்லி அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் யாரும் மறக்கவில்லை. அன்பாகச் சொன்னதை அன்பாகவே காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

“இருவது வருசமாச் சொல்லிட்டிருக்கேனுங்க்கா” என்று ஸ்டெல்லா சிஸ்டர் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பெரிய குரல் உடைந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தெய்வானையின் கையைப் பிடித்தார். “நான் சொன்னத நானே வாபஸ் வாங்கிக்கறேன் தெய்வான. நீ வரோணும். நீ திரும்பி...”

தெய்வானை பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். “சொல்லாதீங்க சிஸ்டர்! வெள்ளிக்கெழம அதுவுமா அப்படிச் சொல்லாதீங்க!”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கோபக்காரி என்று என் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். கோப்பைத் திறந்து அவர் முன்னால் வைத்து, “அம்மா, உங்க வலது கை ஏன் மேலே வரலை? அக்குள்ல கட்டி இருக்கு. அன்னைக்கே டாக்டர் எழுதி வெச்சிருக்கார். ஊசி போட்டுப் பார்த்தால்தான் என்னன்னு தெரியும். அதுவாக இருந்தால் இப்போ வந்தால் பிழைக்கலாம். வாக்குக்காகச் செத்துப்போவீங்களா?” என்று கேட்டே விட்டேன்.

வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆறுச்சாமிகூட மெல்லுவதை நிறுத்தினார். தெய்வானை இடது கையால் வலது அக்குளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

“வாக்க உடமாட்டேனுங்க” என்றார் கடைசியில். “இந்த எட்டு மாசமா எனக்குத் தூக்கம் வர்றதே அது இருக்குதுங்கற தைரியத்துலதான்.” பாத்திரங்களை எடுத்து அடுக்கினார். நெய்க் கிண்ணத்தை மூடினார். அடுக்கிக்கொண்டே யோசித்திருக்க வேண்டும். திடீரென்று திரும்பி, “சிஸ்டர், உங்க ஆஸ்பத்திரியில அத்தன பேருக்கும் சோறு ஆக்கறீங்களே, அரிசி மூட்டையும் வெறகும் அந்த நாலு படி ஏறியா வருது?” என்று கேட்டார்.

ஸ்டெல்லா சிஸ்டருக்குப் புரியவில்லை. ஆறுச்சாமிக்குப் புரிந்துவிட்டது. “இல்லீங்க! பின்னால சமையக்கட்டுக்குன்னு தனி வாசல் இருக்குதுங்க. சோத்து வண்டி, பால் வண்டி எல்லாம் அதுலதான். படியே இல்லீங்க, சமதரை. நான் பதினோரு வருசமா அது வழியாத்தான் போறேன், வாரேன்.”

“நீங்க மிதிக்கக் கூடாதுன்னு சொன்னது அந்த வேப்பமரத்து வாசப்படியத்தானுங்களே சிஸ்டர்?”

“ஆமா தெய்வான” என்றார் ஸ்டெல்லா சிஸ்டர், மூச்சு விடாமல். “அதத்தான். அத மட்டுந்தான்.”

“சமையக்காரி சமையக்கட்டு வழியா வந்தா ஆரு என்ன சொல்லப் போறா” என்றார் தெய்வானை. “புதங்கெழம பார்க்கலாமுங்க.”

வேனில் ஏறியதும் நான் புலம்ப ஆரம்பித்தேன். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? வருவாரா, மாட்டாரா? வியாழக்கிழமை எனக்கு விமானம். ஆறுச்சாமி சாலையைப் பார்த்தபடியே, “பார்க்கலாம்னாப் பார்க்கலாமுங்க” என்று விளக்கம் கொடுத்தார். பல்லடம் வந்ததும் ஸ்டெல்லா சிஸ்டர், “அந்த வார்த்தையச் சொல்றப்ப அவங்க மூஞ்சி மலரும் பாருங்க்கா. அதப் பார்க்கறதுக்காகவே சொல்லுவேன்” என்றார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அதே வார்த்தைக்கு நானும்தானே சிலிர்த்து நோட்டில் எழுதினேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே சமையற்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பால் வண்டி வந்தது. காய்கறி வண்டி வந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் கருமத்தம்பட்டியிலிருந்து வரும்போதே ராஜாமணியையும் இந்த வாசல் வழியாகவே கையோடு கூட்டிவந்திருந்தார். விசைத்தறிச் சத்தமில்லாத இடத்திலும் ராஜாமணி கத்தித்தான் பேசினார். டாக்டர் பார்த்தார், நன்றாக இருக்கிறார் என்றார். டின்னில் முதல் அட்டையை எடுத்து, அவர் அடுத்து வர வேண்டிய மாதத்துக்கு நகர்த்தினேன். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. சாம்பாருக்குத் தாளிக்கிற வாசம் வந்தது. எனக்கு எதிலும் மனம் செல்லவில்லை.

பதினொன்றரைக்கு, தலையில் ஒரு பெரிய முருங்கைக்காய்க் கட்டோடு தெய்வானை அந்த வாசலில் நின்றார். வெறுங்கையோடு வந்தால் ஆஸ்பத்திரிக்கு வந்ததாக ஆகிவிடுமாம். காயைச் சமையற்கட்டில் இறக்கினார், அடுப்பைப் பார்த்தார், “பருப்பு இன்னும் வேகோணுமுங்க” என்று சமையல்காரருக்குச் சொன்னார். அதற்கப்புறம்தான் எங்களோடு உள்ளே வந்தார். ஊசி போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு விரலும் சேர்ந்து நொறுங்கிவிடும் போலிருந்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முடிவு வர ஒரு வாரம் ஆகும். அதற்கு மறுபடி வர வேண்டும்.

சமையற்கட்டு வாசலில் நாங்கள் மூவரும் நின்றோம். ஸ்டெல்லா சிஸ்டரின் கை தானாகத் தெய்வானையின் தலைக்குப் போனது. வாய் திறந்தது, மூடியது. இருபது வருஷத்துப் பழக்கம். கையை எடுக்காமலேயே, மெதுவாகச் சொன்னார்: “அடுத்த புதங்கெழம முடிவு வந்துரும். போயிட்டு வா, தெய்வான.”

தெய்வானை அப்படியே நின்றார். உட்கார்ந்து தண்ணீர் கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார். மறுநாள் நான் டின் இல்லாத லேசான பெட்டியோடு விமானம் ஏறினேன், மனது மட்டும் கனமாக இருந்தது.

ஒரு மாதம் எந்தத் தகவலும் இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் என் மேசையில் உட்கார்ந்து அந்த வாசலைத்தான் நினைத்துக்கொள்வேன். இரண்டாம் மாதம் ஸ்டெல்லா சிஸ்டரின் கடிதம் வந்தது. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார்.

“அக்கா, நல்லா இருக்கறீங்களா? சோத்து வண்டி வாசல்ல பெஞ்சு போட்டாச்சு. உங்க டின்னு அங்கதான் இருக்குது. செக்கப் எல்லாம் இனி அந்தப் பக்கத்து ரூம்லதான்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. கார்டுலயும் அந்த வாசல்னு போட்டு, அடியில நானே கையெழுத்து வெக்கறேன். வேப்பமரத்துக்கிட்ட நான் இப்பவும் அதேதானுங்க சொல்றேன், அத உட முடியல. சொல்லி முடிச்சதும் பின்னால இருக்கற வாசலுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டிப்போடறேன். நாச்சிமுத்து ஒரு கூடை வெல்லத்தோட வந்தாரு.

தெய்வான அந்தப் புதங்கெழமயே வந்துட்டாங்க. முடிவு நல்லா இல்லீங்க்கா. அது அதேதான். ஆனாச் சின்னது, முழுசா எடுத்தாச்சுங்கறாரு டாக்டரு. இன்னும் மூணு மாசம் தள்ளியிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம். மருந்து ஏத்தறோம், தாங்கிக்கறாங்க. எங்க சாம்பாருல உப்பு பத்தலைன்னு படுத்துக்கிட்டே சண்ட போட்டாங்க.

ஒரு சுத்து மருந்து முடிஞ்சு நேத்து ஊட்டுக்கு அனுப்பிச்சோம், அடுத்த சுத்துக்கு வரோணும். சோத்து வண்டி வாசல்ல நின்னோம். நான் என்ன சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு நின்னப்ப, அவங்க என்ற தலையில கை வெச்சாங்க. வெச்சு, அவங்களே சொன்னாங்க: ‘வாரேனுங்க சிஸ்டர்.’”